பைபர் உக்காதாம்

"பைபர் உக்காது." மரவள்ளத்தை விற்றுப்போட்டு பைபர் படகு வாங்கின ஆரைக் கேட்டாலும் முதலில் சொல்லுகிற வசனம் இதுதான். இரண்டாவது வசனம், "ஒரு செலவும் இல்லை, கழுவி விட்டால் காணும்." ஊர்காவற்றுறையில் வளர்ந்த எனக்கு இந்த இரண்டும் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். இரண்டிலும் பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. கண்ணாடி நாரும் ரெசினும் சேர்ந்து இறுகின அந்த ஓடு உக்காதுதான். ஆனால் ஓட்டுக்குள்ளே வைத்து மூடியிருக்கிற பலகை உக்கும். அதுவும் வெளியில் ஒரு அடையாளமும் காட்டாமல் உக்கும்.

போன பங்குனி மாதம் எங்கள் பீடத்தில் விடுமுறை விட்டிருந்த மூன்று கிழமையும் நான் மாமாவின் படகோடுதான் நின்றேன். அந்த மூன்று கிழமையில் பார்த்ததையும், பிறகு தேடி வாசித்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். படகு பழுதுபார்க்கிறதைப் பற்றி ஒரு கலைப்பீடத்துப் பெட்டைக்கு என்ன கதை என்று நினைக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கோ.

தீவகத்தைத் தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். பண்ணைப் பாலத்தால் வந்தால் வேலணை, ஊர்காவற்றுறை, அப்பால் புங்குடுதீவு வரைக்கும் பஸ்ஸிலேயே வரலாம். காரைநகருக்குப் பொன்னாலையால் தரைவழி இருக்கிறது. மிச்சத் தீவுகளுக்குக் கடல்தான் றோட்டு. எழுவைதீவு, அனலைதீவுச் சனம் ஊர்காவற்றுறைத் துறையில் வந்து இறங்கும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானில் இருந்து போகவேணும். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் அளவு எடுக்கும். பள்ளிக்கூட ரீச்சர், கர்ப்பிணி, காஸ் சிலிண்டர், ஆடு, பிரேதம் எல்லாம் படகிலேதான் போகும், வரும். தொழிலுக்குப் போகிற சின்னப் படகும் அவசரத்துக்கு அம்புலன்ஸ் ஆகும். அதனால் ஒரு படகின் பலகை உக்கினால் அது அந்தப் படகுக்காரனுடைய பிரச்சினை மட்டும் இல்லை.

மாமாவின் படகு பதினெட்டு அடிப் பைபர் படகு. பின்பக்கத்தில் இஞ்சின் கொளுவி ஓடுகிற வகை. வடக்குக் கரையில் எங்கே திரும்பினாலும் காண்கிறது இதைத்தான். இதன் விலாப் பக்கங்கள் தனி ஓடு. உள்ளே பலகை இல்லை. ஆனால் இஞ்சின் கொளுவுகிற பின்பலகைக்குள்ளே பிளைவூட் இருக்கும். குறுக்குப் பலகைகளுக்குள்ளும் தளத்துக்குக் கீழேயும் மரம் இருக்கும். ஏன் மரம் வைக்கிறார்கள்? பைபர் இழுவையைத் தாங்கும். ஆனால் மெல்லிசாக இருந்தால் வளையும். ஒரு தகட்டின் தடிப்பை இரண்டு மடங்காக்கினால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். முழுத் தடிப்பையும் ரெசினால் நிரப்பினால் பாரமும் கூடும், செலவும் கூடும். ஆகவே நடுவில் மரத்தை வைத்து, இரண்டு பக்கமும் பைபர் தோல் போர்த்துவார்கள். இரண்டு தோலும் நடு மரமும் ஒட்டிப் பிடித்திருக்கும்வரை அது இரும்பு மாதிரி நிற்கும். நடு மரம் உக்கி விட்டுதென்றால் மிஞ்சுகிறது இரண்டு மெல்லிய தோல் மட்டும். அதில் ஐம்பது கிலோ இஞ்சினைக் கொளுவி, அலைக்கு எதிராக முறுக்கி ஓடினால் என்ன நடக்கும் என்று பௌதிகவியல் படித்தவர்கள்தான் சொல்லவேணும் என்றில்லை.

இதைப் பற்றி வாசிக்கப் போனால் முதலில் அகப்படுகிறது எல்லாம் வெள்ளைக்காரரின் கற்றமரான். இரண்டு உடல் வைத்த, பாய் கட்டின, குளிரூட்டி பூட்டின பெரிய படகுகள். அவற்றின் மேல்தளத்திலும் உடலிலும் பால்சா மரத்தையோ நுரைத்தகட்டையோ நடுவில் வைத்துக் கட்டுவார்கள். பத்து, இருபது வருசம் போக, நடக்கும்போது கால் பதிகிற இடங்கள் வரும். மாமாவின் பின்பலகைக்கு வந்ததும் அதே வருத்தம்தான். அவர்களின் படகு எங்களின் படகை விட நூறு மடங்கு விலை. உக்கல் அதைப் பார்க்கிறதில்லை.

அந்தப் பெயரே எங்களிடம் இருந்து போனதுதான். கட்டுமரம் என்பதைத்தான் 1697இல் வெளிவந்த தன் பயண நூலில் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி, கோரமண்டல் கரைச் சனம் சொல்லுகிற சொல்லாக எழுதி வைத்தார். 1876இல் அமெரிக்காவில் நத்தானியல் ஹெரஷொஃப் என்றவர் 'அமரிலிஸ்' என்ற இரட்டை உடல் படகைக் கட்டி நியூயோர்க் போட்டியில் மற்றப் படகுகளை முந்தினார். இரண்டு உடலைச் சேர்த்துக் கட்டுகிற யோசனை பசுபிக் தீவுக்காரருடையது. பெயர் மட்டும் எங்களுடையது. எங்கள் கட்டுமரத்துக்கு இரண்டு உடல் இல்லை. ஒரு உடல்கூட இல்லை. மரக்குற்றிகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டினது அவ்வளவுதான். தண்ணி மேலால் வரும், இடுக்கால் போகும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துக் குற்றிகளைக் காயப்போடுவார்கள். அதாவது, மரம் தண்ணியைக் குடிக்கும் என்று ஏற்றுக்கொண்டு, காயப்போடுகிறதையும் தொழிலின் ஒரு பகுதியாக வைத்திருந்தார்கள். பைபர் வந்தபோது அந்தப் பழக்கம் போய்விட்டது. "உக்காது" என்ற பிறகு ஆர் காயப்போடப் போகிறார்கள்?

மாமாவின் படகு எப்படி உக்கியது என்பது 2022இல் தொடங்குகிறது. எங்கள் பக்கத்துச் சின்ன இஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடுகிறவை. அந்த வருசம் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. பிறகு கிடைத்தபோது, ஆவணி மாதம், லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. மாமா மாதிரி நிறையப் பேர் படகைக் கரையில் ஏற்றிவிட்டார்கள். அணியம் மேடு பக்கம், பின்பக்கம் பள்ளம். ஐப்பசி மழை வந்து படகுக்குள் நின்றது. கடல் தண்ணியை விட மழைத் தண்ணி மரத்துக்குக் கூடாது; உப்பு பூஞ்சணத்தைக் கொஞ்சமாவது அடக்கும், நல்ல தண்ணி அதை வளர்க்கும். பின்பலகையில் இஞ்சினுக்காகத் துளைத்த நாலு ஆணி ஓட்டைகளும், தண்ணி வடிக்கிற ஓட்டையும் இருந்தன. ஓட்டையின் உள்விளிம்பில் பிளைவூட் வெறும் மரமாகத் தெரியும். அதுதான் வாசல். பிளைவூட்டின் ஒரு படையில் ஈரம் ஏறினால், திரி எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரி அந்தப் படை வழியே ஓடும். வெளியே வர வழியில்லை, இரண்டு பக்கமும் பைபர் மூடியிருக்கிறது.

மாமா படகை விற்க நினைத்ததற்குக் காரணம் முழங்கால். முப்பது வருசம் தொழில் செய்தவர், இனி ஏலாது என்று வந்துவிட்டது. அனலைதீவில் இருந்து ஒரு பெடியன் கேட்டிருந்தான். என்னை விட ஒரு வயதோ இரண்டு வயதோதான் கூட. தாயின் நகையை அடகு வைத்துக் காசு புரட்டியிருந்தான். விலை பேசி முடிந்து, சித்திரை பிறக்க முதல் எடுக்கிறதென்று முடிவு. மாமா கடைசியாக ஒருக்கால் கழுவிப் பெயின்ற் அடிக்கலாம் என்று இஞ்சினைக் கழற்றினார். ஆணி கழன்ற ஓட்டையால் கறுப்புத் தண்ணி வடிந்தது.

அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, இஞ்ச வா. நான் தட்டுறன், நீ கேட்டுச் சொல்லு."

முப்பது வருசம் இஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்த காது. எங்கள் பக்கத்துத் தொழிலாளிகள் நிறையப் பேருக்கு இப்படித்தான். கிட்ட நின்று கதைத்தாலும் "ஆ?" என்பார்கள். படகின் உக்கலைக் கண்டுபிடிக்க முதல் கருவி காது. மாமாவிடம் இல்லாதது அதுதான்.

தட்டுகிறது சந்தையில் சட்டி வாங்குகிற மாதிரி. அம்மா சட்டியை ஏந்திப் பிடித்து விரலால் சுண்டுவா. வெடிப்பில்லாத சட்டி கிண்ணென்று சொல்லும். பின்பலகையில் மாமா திருப்புளிப் பிடியால் ஒரு அங்குலத்துக்கு ஒரு அங்குலம் தட்டிக்கொண்டு வந்தார். நல்ல இடம் 'டிக், டிக்' என்று கூர்மையாகக் கேட்டது. ஓரிடம் வர 'தொப்' என்றது. திரும்பத் தட்டச் சொன்னேன். 'தொப்.' அந்த இடத்தில் சோக்கால் ஒரு புள்ளி வைத்தேன். அரை மணித்தியாலத்தில் புள்ளிகளைச் சேர்த்துக் கோடு கீறினால், பின்பலகையின் கீழ்ப்பாதி முழுக்க ஒரு தீவு மாதிரி வந்தது. வெளியில் பார்த்தால் நீலப் பெயின்ற் பளபளவென்று இருக்கிறது. வெடிப்பு இல்லை, கீறல் இல்லை.

வாடியில் நின்ற ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "உதுக்கு ஏன் இவ்வளவு பாடு? சின்னன் சின்னனா ஓட்டை போட்டு ரெசினை ஊத்தி விடு. மேல பட்டி பூசிப் பெயின்ற் அடிச்சா முடிஞ்சுது" என்றார். கெட்ட மனிசன் இல்லை. கரையில் நிறையப் பேர் செய்கிறது அதுதான். ஆனால் அது ஏன் சரிவராது என்று பிறகு விளங்கியது. ஈர மரம் ரெசினைக் குடிக்காது. ஊற்றுகிற ரெசின் வெற்றிடத்தைத் தேடிப் போய், ஈரத்துக்கு மேலே தனிக்கட்டியாக இறுகும். தட்டினால் சத்தம் நல்லதாகவும் கேட்கக்கூடும். உக்கல் அதற்குப் பின்னால் ஈரத்தோடு அப்படியே இருந்து பரவும். அதாவது அந்த வேலை படகைத் திருத்துகிறதில்லை, சோதனையைத்தான் ஏமாற்றுகிறது.

மாமி அன்று இரவு கேட்டா. "இவ்வளவு காலமும் நீங்கள் ஓடேக்க செய்யாத வேலையை, விக்கப் போகேக்க ஏனப்பா செய்யிறியள்?" நியாயமான கேள்வி. ரெசின், பிளைவூட், மற், கூலி எல்லாம் கூட்டினால் படகு விலையில் ஒரு நல்ல பங்கு போய்விடும். பெடியன் விலையைக் கூட்டித் தரப்போகிறதும் இல்லை. அவனுக்கு அதற்கு வழியும் இல்லை.

மாமா சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் ஓடேக்க எனக்குத் தெரியாது. இப்ப தெரியும். அவன் இரவில போறவன்."

அதற்குப் பிறகு வீட்டில் அந்தக் கதை இல்லை.

பைபர் வேலைக்கு ஒரு அண்ணை காரைநகரில் இருந்து வந்தார். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஓடுகிற 'பாதை'யில் கிரைண்டரையும் சாமான் வாளியையும் கொண்டு வந்திறங்கினார். அவரின் தகப்பன் சீநோரில் வேலை செய்தவர் என்று மாமா சொன்னார். சீநோர் என்ற பெயரை நான் அரச நிறுவனமாகத்தான் கேள்விப்பட்டிருந்தேன். பிறகு தேடிப் பார்த்தால் அது எங்கள் ஊர்க் கதை. குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956இல் நோர்வேக்குப் போனவர். அங்கே குடியேறிய முதல் தமிழர் என்று அறியப்படுகிறவர். அவருடைய முயற்சியால், நோர்வேச் சனத்தின் உதவியோடு 1967இல் சீநோர் தொடங்கியது. சிலோனும் நோர்வேயும் சேர்ந்த பெயர். குருநகரில் வலைத் தொழிற்சாலை, காரைநகரில் படகு கட்டும் தளம். பைபர் படகு கட்டுகிற கலையை எங்கள் பெடியங்கள் படித்த இடங்களில் அது முக்கியமானது. பிறகு அது அரசின் கைக்குப் போனது. இன்றைக்கும் கடற்றொழில் அமைச்சுக்குக் கீழே அந்தப் பெயரில் நிறுவனம் இருக்கிறது.

அமெரிக்காவில் 1940களில்தான் பைபர் படகே தொடங்குகிறது. அடுத்த முப்பது வருசத்துக்குள் காரைநகரில் அந்த வேலை தெரிந்த கைகள் இருந்திருக்கின்றன. வல்வெட்டித்துறையில் கட்டின 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரைக்கும் போய்ச் சேர்ந்ததை எல்லாரும் பெருமையாகச் சொல்லுவார்கள், நானும் சொல்லுவேன். மரவேலையின் புகழ் அது. பைபர் வேலைக்கும் இங்கே ஒரு வரலாறு இருக்கிறது என்பதை ஏனோ ஒருத்தரும் சொல்லுகிறதில்லை. போர் வந்து, 1990களின் தொடக்கத்தில் தீவகத்துச் சனத்தில் பெரும்பகுதி இடம்பெயர்ந்து, கடலுக்குப் போகத் தடையும் இஞ்சின் வலுவுக்குக் கட்டுப்பாடும் வந்த பிறகு, வேலை பழக்குகிறவரும் பழகுகிறவரும் ஒரே இடத்தில் இருக்கவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையெங்கும் உதவியாகப் பைபர் படகுகள் வந்து குவிந்தன. அவசரத்தில் கட்டினவற்றின் தரத்தைப் பற்றிப் பிறகு கேள்விகள் வந்தன, ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் பைபர் படகை எப்படிக் கட்டவேணும் என்று கையேடுகள் போட்டது. படகு வந்த அளவுக்கு, படகைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஆட்கள் வரவில்லை. அந்த அண்ணை மாதிரி ஆட்கள் ஒரு கரைக்கு ஒருவரோ இருவரோதான். மூன்று கிழமைக்குள்ளே அவரைத் தேடி நெடுந்தீவில் இருந்தும் எழுவைதீவில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

இனி வேலை. கொஞ்சம் விபரமாகவே எழுதுகிறேன். வீட்டில் படகு இருக்கிற ஆருக்காவது உதவும்.

முதலில் அண்ணை என் சோக்குக் கோட்டைப் பார்த்தார். "நல்லாக் கேட்டிருக்கிறியள்" என்றுவிட்டு, கோட்டுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி மெல்லிய துளை போட்டார். துளைப்பானில் வந்த தூள் வெளிறிக் காய்ந்து இருந்தது: நல்ல மரம். கோட்டுக்குக் கிட்ட இன்னொன்று: மண்ணிறச் சேறு. "சத்தம் சொல்லுறதை விட உக்கல் எப்பவும் கொஞ்சம் கூட" என்றார். கோடு பெரிதானது.

பிறகு உள்பக்கத் தோலை மட்டும் வெட்டினார். வெளித்தோலைத் தொடுகிறதில்லை, அதுதான் அச்சு, அதுதான் வடிவத்தைப் பிடித்திருக்கிறது. தோலை உரித்தால் உள்ளே பிளைவூட் என்று ஒன்றில்லை. தேயிலைச் சாயத்தில் ஊறின கடதாசி மாதிரி படை படையாகக் கையோடு வந்தது. புளித்த மணம். மாமா ஒரு துண்டை எடுத்துக் கைக்குள் வைத்துப் பிழிந்தார், தண்ணி சொட்டியது. இந்தப் பலகையை நம்பித்தான் இரண்டு வருசம் கடலுக்குப் போயிருக்கிறார். ஒன்றும் கதைக்கவில்லை.

காயவைக்கிறதுதான் பொறுமையைச் சோதிக்கிற பகுதி. பங்குனி வெயில் என்பதால் ஒரு கிழமை போதுமாக இருந்தது. வாடைக்காலத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாது என்றார் அண்ணை. காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி: ஒரு பொலித்தீன் துண்டை அந்த இடத்தில் வைத்து நாலு விளிம்பையும் ரேப்பால் ஒட்டிவிட்டு, விடியப் பார்க்கவேணும். உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம். மூன்று நாள் வியர்த்தது. நாலாம் நாள் இல்லை. அதற்குப் பிறகும் இரண்டு நாள் விட்டார்.

அடுத்தது விளிம்பைச் சாய்வாக அராவுகிறது. பழைய பைபரும் புதுப் பைபரும் நேர்விளிம்பில் முட்டி நின்றால் அந்த முட்டில்தான் வெடிக்கும். தோல் ஆறு மில்லிமீற்றர் தடிப்பென்றால், அதன் பன்னிரண்டு மடங்கு, அதாவது ஏழு சென்ரிமீற்றருக்கு மேலே, சாய்வாகத் தேய்க்கவேணும். பழைய பைபரில் புது ரெசின் இரசாயனமாக ஒட்டாது. தேய்த்த சொரசொரப்பில்தான் பிடிக்கும். பெயின்றுக்கு மேலே வைத்தால் பெயின்றோடுதான் ஒட்டும். இந்த வேலைக்கு முகமூடி, கண்ணாடி, நீட்டுக்கைச் சட்டை எல்லாம் வேணும். பைபர் தூள் தோலில் பட்டால் இரவு முழுக்கச் சொறியும். தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு தொடங்கச் சொன்னா மாமி. அது கொஞ்சம் உதவியது.

புதுப் பலகைக்குப் பதினெட்டு மில்லிமீற்றர் மரைன் பிளைவூட் இரண்டு. காட்போட்டில் அளவு வெட்டிப் பார்த்து, பிறகு பலகையை வெட்டி, எல்லா விளிம்புக்கும் ரெசின் குடிக்கக் கொடுத்தார். விளிம்புதான் பிளைவூட்டின் வாய். 'மற்' என்று சொல்லுகிற கண்ணாடி நார்ப் பாயை ரெசினில் தோய்த்து வெளித்தோலில் வைத்து, அதற்கு மேலே பலகையை அமத்தி, இறுக்கிகளால் பூட்டினார். விளிம்புகளால் ரெசின் பிதுங்கி வரவேணும். பிதுங்காத இடத்தில் உள்ளே காற்று இருக்கிறது. காற்று இருக்கிற இடத்தில் நாளைக்குத் தண்ணி இருக்கும்.

ரெசினுக்கு ஹார்ட்னர் கலக்கிற அளவு ஒரு கிலோவுக்குப் பத்தில் இருந்து இருபது மில்லிலீற்றர். எங்கள் பங்குனி வெயிலில் பத்தே கூட. கூடப் போட்டால் தடவி முடிக்க முதல் ரின்னுக்குள்ளேயே இறுகும், சூடேறிப் புகைக்கும். மிச்சத்தை ஆழமான ரின்னில் விடாமல் பரவலாக ஊற்றிவிடவேணும். ஹார்ட்னர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ரெசினை இறுக வைக்கிற கோபால்ற்றையும் ஹார்ட்னரையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக்கூடாது, வெடிக்கும். இவற்றை எல்லாம் அண்ணை ஒரு வகுப்பு எடுக்கிற மாதிரிச் சொல்லவில்லை. நான் கைவைக்கப் போகும்போது "பிள்ளை, அதைத் தொடாதேங்கோ" என்றுவிட்டு ஏனென்று ஒரு வசனம் சொல்லுவார். தகப்பன் அவருக்கும் இப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

பலகைக்கு மேலே மற், பிறகு 'ரோவிங்' என்கிற நெய்த துணி, பிறகு மற். இப்படி மாறி மாறி. ஒவ்வொன்றையும் இரும்பு ரோலரால் உருட்டிக் குமிழியை வெளியேற்றவேணும். மற்றின் நிறைக்கு இரண்டு, இரண்டரை மடங்கு ரெசின். அதற்கு மேலே போனால் பலம் கூடாது, நொருங்குகிற தன்மைதான் கூடும். கடைசியில் மெழுகு கலந்த மேற்பூச்சு.

முடிந்தது என்று நினைத்தால், முக்கியமான வேலை பிறகுதான் வந்தது. இஞ்சின் ஆணிக்குத் துளை போடும்போது தேவையை விடப் பெரிதாகப் போட்டார். அதைத் தடித்த ரெசினால் முழுக்க அடைத்தார். மறுநாள் அந்த அடைப்பின் நடுவில் சரியான அளவில் திரும்பத் துளைத்தார். இப்போது ஆணி போகிறது ரெசின் குழாய்க்குள்ளால். மரத்தை அது தொடவே தொடாது. தண்ணி வடிக்கிற ஓட்டைக்கும் அதேதான். கட்டுகிற நேரத்தில் இதைச் செய்ய ஒரு பின்னேரமும் கொஞ்ச ரெசினும் போதும். செய்யாததால்தான் மூன்று கிழமையும் இவ்வளவு காசும்.

திரும்பத் தட்டினோம். இந்த முறை அண்ணையே தட்டினார், நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஒரு மூலையில் இருந்து மறு மூலை வரைக்கும் ஒரே சத்தம்.

அனலைதீவுப் பெடியன் சொன்ன நாளில் வந்தான். மாமா வெட்டி எடுத்த பலகைத் துண்டுகளை எறியாமல் ஒரு யூரியாப் பையில் போட்டு வைத்திருந்தார். அதைக் கொட்டிக் காட்டி, எங்கே உக்கியது, எதுவரை வெட்டியது, என்ன வைத்தது என்று எல்லாம் சொன்னார். மாமி உள்ளே நின்று பல்லைக் கடித்தா. விற்கிற சாமானின் குறையை வாங்குகிறவனுக்குக் காட்டுகிற வியாபாரத்தை அவ கண்டதில்லை. பெடியன் முதலில் பயந்துதான் போனான். "அப்ப மிச்ச இடமெல்லாம் எப்பிடி அண்ணை?" என்றான். மாமா திருப்புளியை அவனிடம் நீட்டினார். "நீயே தட்டிப் பார்."

அவன் முழுப் படகையும் தட்டினான். குறுக்குப் பலகை ஒன்றில் ஒரு உள்ளங்கை அளவு இடம் 'தொப்' என்றது. நாங்கள் பின்பலகையோடேயே நின்றதில் அங்கே தட்டியிருக்கவில்லை. அதற்காக மாமா விலையில் கொஞ்சம் குறைத்தார். அதை எப்படித் திருத்துகிறது என்று அண்ணையின் இலக்கத்தைக் கொடுத்து, "அடுத்த வாடைக்கு முதல் செய்துபோடு" என்றார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் மாமாவுக்கு இந்த விற்பனையில் நட்டம்தான். மாமி இன்னமும் அந்தக் கணக்கைச் சொல்லிக் காட்டுகிறா.

எனக்கு இதில் மனதில் நிற்கிறது ஒரு விசயம். மரவள்ளக் காலத்தில் வருசா வருசம் வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டு, பொருத்துப் பார்த்து, கலப்பத்து அடித்து, எண்ணெய் பூசுவார்கள். மரம் உக்கும் என்று தெரிந்ததால் பார்த்தார்கள். பார்த்ததால் வள்ளம் தகப்பனிடம் இருந்து மகனுக்கு வந்தது. பைபர் எங்களுக்குத் தந்த பெரிய வசதி, பார்க்கத் தேவையில்லை என்ற நம்பிக்கை. ஓடு பளபளக்கிறவரை அந்த நம்பிக்கையை எதுவும் கேள்வி கேட்காது. பைபரில் பிழை இல்லை. அதைப் பார்க்கிற பழக்கம் எங்களிடம் இன்னும் உருவாகவில்லை, அவ்வளவுதான். உருவாக்க முடியாததும் இல்லை. ஒரு திருப்புளிப் பிடி, ஒரு சோக்குக்கட்டி, கேட்கிற காது ஒன்று.

வீட்டில் படகு இருக்கிறவர்கள் இரண்டு விசயம் செய்யுங்கோ. கரையில் ஏற்றினால் பின்பக்க அடைப்பைக் கழற்றி, அணியத்தை உயர்த்தி விடுங்கோ, மழைத்தண்ணி நிற்கக்கூடாது. வருசத்தில் ஒருக்கால், வாடைக்கு முதல், இஞ்சினைக் கழற்றிவிட்டு முழுக்கத் தட்டிப் பாருங்கோ. தட்டுகிறவருக்குக் காது கேட்காவிட்டால் வீட்டில் நிற்கிற பிள்ளையைக் கூப்பிடுங்கோ. பெட்டைப் பிள்ளை என்றாலும் பரவாயில்லை. சத்தம் எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் கேட்கும்.